காஞ்சியின் தறிக்குடியில் பிறந்த அறிஞர் அண்ணா

ஆலய ஜூபிலி மலரில் ஓர் அரசியல் தலைவரின் வாழ்க்கை எதற்கு என்று நமது பங்கு மக்களில் சிலர் கேட்கக்கூடும். அதுவும் சுயமரியாதை இயக்கத்தில் வளர்ந்து, மதச் சடங்குகளைக் கடுமையாகக் கண்டித்த ஒருவருடைய வாழ்க்கை. கேள்வி நியாயமானதே. ஆயினும் ஐயம்பேட்டைக்காரர்களாகிய நாம் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவர்கள். அதே சத்தத்தைக் கேட்டு வளர்ந்த ஒருவர், பக்கத்துக் காஞ்சியிலிருந்து புறப்பட்டு டில்லிப் பாராளுமன்றம் வரை சென்றார். எளியவர்களின் குடியிருப்பு, பசி, பிணி என்னும் மூன்றையும் அரசியலின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். அவரைப் பற்றி நமது பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டுமென்பதே நமது ஆசை.

காஞ்சீபுரம் நடராசன் அண்ணாதுரை 1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் நெசவுத் தொழில் செய்த எளிய குடும்பத்தில் பிறந்தார். தாயார் பங்காரு அம்மாள். ஆனால் அவரை எடுத்து வளர்த்தவர் சிற்றன்னை இராசாமணி அம்மாளே. அந்த அம்மையாரைத் தொத்தா என்றுதான் அவர் கடைசிவரை அழைத்தார். பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் படிப்பு. நடுவில் குடும்பக் கஷ்டத்தால் காஞ்சி நகராட்சி அலுவலகத்தில் சில மாதம் எழுத்தர் வேலை. 1930-ல் ராணி அம்மையாரை மணந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் படித்து எம்.ஏ. பட்டம் பெற்றார்.

நெசவாளனுக்கு வீடு வேறு, பட்டறை வேறு அல்ல என்பது நமக்குத் தெரியும், வெளியூரார்க்குத் தெரியாது. கூடத்தின் நடுவே குழி தோண்டி அதில் காலைத் தொங்கவிட்டு, மிதிகட்டையை மிதித்து நெய்கிறோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தக் குழியிலே ஈரம் ஊறும். தெருவில் பாவு நீட்ட முடியாது. பாவு இல்லையேல் தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் கூலி ஏது? வாங்கிய முன்பணம் மட்டும் கணக்கில் நிற்கும். வெளிச்சம் குறைந்த கூடத்தில் ஜரிகை இழையை உற்று நோக்கிக் கண் போகும்; குனிந்து குனிந்து முதுகு போகும். கூரை ஒழுகினால் பாழாவது படுக்கை மாத்திரமன்று, தறியிலிருக்கும் சேலையுந்தான். ஆகையால் நெசவாளனின் வீட்டைப் பற்றிப் பேசுகிறவன் அவன் பிழைப்பையும் உடல்நலத்தையும் பற்றியே பேசுகிறான். பொருளாதாரப் பட்டம் பெற்ற அண்ணா இதைப் புத்தகத்திலிருந்தா கற்றிருப்பார்?

1952, 53-ஆம் ஆண்டுகளை நமது பெரியவர்கள் மறக்கவில்லை. கைத்தறித் துணி விலைபோகாமல் மூட்டை மூட்டையாகத் தேங்கியது. மானத்தோடு வாழ்ந்த நெசவாளர்கள் கஞ்சித்தொட்டி முன் பாத்திரம் ஏந்தி நின்றார்கள். அண்ணாவும் அவருடைய கழகத்தாரும் கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து ஊர் ஊராகத் தெருவில் கூவி விற்றார்கள். அண்ணா திருச்சியில் விற்றார். பேச்சைக் கேட்கக் காசு கொடுத்து வந்த கூட்டம், அன்று அவர் கையிலிருந்து துணி வாங்கிச் சென்றது. நீதிக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எதிர்க்கட்சியைச் சேர்ந்த அன்றைய முதலமைச்சர் ராஜாஜியும் வேட்டி, சேலை நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டுமென்று மத்திய அரசிடம் போராடினார். 1953-ல் மில் துணிக்கு வரி விதித்து, அந்தப் பணத்தைக் கைத்தறி வளர்ச்சிக்குச் செலவிடப் பாராளுமன்றம் சட்டம் செய்தது. காஞ்சியில் ஓடும் தறியின் தலைவிதி டில்லியில் எழுதப்படுகிறது என்பதை நெசவாளர்கள் அப்போது கண்கூடாகக் கண்டார்கள்.

பெரியாரிடமிருந்து பிரிந்து 1949 செப்டம்பர் 17-ல் தி.மு. கழகத்தைத் தொடங்கியது, நாடகங்கள், திரைக்கதைகள், காஞ்சியிலிருந்து நடத்திய திராவிட நாடு ஏடு ஆகியவை எல்லாரும் அறிந்தவை. 1957-ல் காஞ்சீபுரம் தொகுதியிலிருந்து சட்டசபைக்குச் சென்றார். அவரோடு சென்றவர்கள் சேர்ந்து 15 பேரே. ஐந்தாண்டு கழித்து, 1962-ல், கழகம் 50 இடங்களை வென்றது. தலைவர் மட்டும் சொந்த ஊரிலேயே தோற்றார்! காஞ்சி மக்கள் காங்கிரஸ் வேட்பாளர் எஸ்.வி. நடேச முதலியாரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊர் கைவிட்ட மனிதர் மனங்கசந்து ஒதுங்கியிருக்கலாம். அண்ணா ஒதுங்கவில்லை. அதே ஆண்டு ராஜ்ய சபை உறுப்பினராக டில்லி சென்றார்.

1962 மே மாதம் அவர் ஆற்றிய முதல் உரையே சபையைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஐந்தாண்டுத் திட்டங்களில் தென்னாட்டுக்குத் தொழிற்சாலைகள் போதவில்லை, தெற்கின் வறுமையை டில்லி கண்ணெடுத்துப் பார்க்கவில்லை என்பது அவரது வழக்கு. அன்று அவர் அதற்குக் கண்ட மருந்து தனிநாடு. அதை நாம் ஒப்பவில்லை. பின்னர் அவரே அதைக் கைவிட்டார். சீனா படையெடுத்தபோது தேசப் பாதுகாப்பே முதலென்று அரசுக்குத் துணை நின்றார். ஆனால் நோய் இருந்தது உண்மை என்பதை அவருடைய எதிரிகளும் மறுக்கவில்லை. ராஜ்ய சபை உறுப்பினரான அதே ஆண்டு ஜூலையில், விலைவாசி உயர்வை எதிர்த்து மறியல் செய்து வேலூர்ச் சிறையில் பத்து வாரம் இருந்தார். அரிசி விலை ஏறினால் முதலில் அடுப்பு அணைவது கூலி நெசவாளன் வீட்டில் அல்லவா!

1967 தேர்தலில் தென்சென்னைத் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. ஆனால் கழகம் ஆட்சியைப் பிடித்ததால், அந்த இடத்தைத் துறந்து மார்ச் 6-ஆம் நாள் சென்னை மாநில முதலமைச்சரானார். அவ்வாண்டு சென்னையில் குடிசைகள் அடுத்தடுத்துத் தீக்கிரையாயின. ஓலைக்குடிசை எரிவதும், நிவாரணம் வழங்குவதும், மறுபடி அதே ஓலையை வேய்வதும் என்றைக்கும் உள்ள வழக்கம். அதைமாற்றி, தீப்பற்றாத வீடுகள் கட்டித் தரும் திட்டத்தை அவர் அரசு தொடங்கியது. எரிந்தவனுக்கு அரிசியும் துணியும் தந்தால் போதாது, எரியாத கூரை தர வேண்டும் என்ற இந்த எண்ணம் பெரியது. அவர் மறைந்த பிறகு 1970-ல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது.

அரிசியில் அவர் சொன்னதை முழுதும் செய்ய முடியவில்லை. ரூபாய்க்கு மூன்று படி என்பது குறிக்கோள், ஒரு படியாவது உறுதி என்று மக்களிடம் வாக்களித்தார். ஒரு படி அரிசி சென்னைக்கும் கோவைக்கும் கிடைத்தது; கஜானா இடங்கொடாததால் மற்ற ஊர்களுக்கு எட்டவில்லை. காஞ்சி நெசவாளனுக்கும் அது வந்து சேரவில்லை. அந்த ஏமாற்றத்தை இங்கே மறைக்க நமக்கு மனமில்லை.

கத்தோலிக்கராகிய நமக்கு அவர் வாழ்வில் நெருக்கமான இரண்டு செய்திகள் உண்டு. 1968 ஜனவரியில் சென்னையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் சிலைகள் நிறுவப்பட்டன. வள்ளுவர், ஔவையார், கம்பர் வரிசையில் இயேசு சபைக் குரு வீரமாமுனிவருக்கும் இடம் கிடைத்தது. தமிழுக்கு உழைத்தவர் எவராயினும் அவர் நம்மவர் என்பது அண்ணாவின் கணக்கு.

இரண்டாவது, அவ்வாண்டே அமெரிக்காவில் யேல் பல்கலைக் கழகத்தின் அழைப்பை ஏற்று வெளிநாடு சென்றபோது நடந்தது. வழியில் வத்திக்கான் சென்று பாப்பரசர் ஆறாம் சின்னப்பரைச் சந்தித்தார். பாப்பரசரைக் காண்கிற எவரும் தமக்கோ தம் நாட்டுக்கோ ஏதேனும் கேட்பார்கள். அண்ணா ஒரு கைதிக்காகக் கேட்டார். மோகன் ரானடே என்னும் மராட்டியர், கோவா விடுதலைக்காகப் போராடி 1955-ல் பிடிபட்டவர். 1961-ல் கோவா விடுதலையான பின்னும் அவர் போர்ச்சுகல் நாட்டுச் சிறையிலேயே கிடந்தார். போர்ச்சுகல் கத்தோலிக்க நாடு. பாப்பரசர் சொன்னால் கேட்பார்கள் என்று அண்ணா எண்ணினார். ரானடே தமிழரல்லர், அண்ணாவின் கட்சிக்காரரும் அல்லர். சிறையிலிருப்பவனை நினைப்பது பற்றி வேதாகமத்தில் நாம் வாசிக்கிறோம். கோயிலுக்குப் போகாத அந்த மனிதர் அதைப் பாப்பரசரிடமே நினைவூட்டினார் என்று எண்ணும்போது நமக்குச் சற்றே வெட்கமும் வருகிறது.

திரும்பி வந்த சில மாதங்களில் உணவுக்குழலில் புற்றுநோய் கண்டது. புகையிலை மெல்லும் பழக்கமே காரணமென்பர். (தறியில் அமரும்போது வாயில் புகையிலை அடக்கும் நமது சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.) 1968 செப்டம்பரில் நியூயார்க் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. தேறி வந்தார். 1969 ஜனவரி 14, பொங்கலன்று, சென்னை மாநிலம் சட்டப்படி தமிழ்நாடு என்று பெயர் பெற்றதைக் கண்ணால் கண்டார். அதே ஜனவரியில் மோகன் ரானடே விடுதலையானார்.

நோய் மறுபடி முற்றி, அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையில் 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் அண்ணா காலமானார். அப்போது வயது 59. அந்த மருத்துவமனையை 1954-ல் தோற்றுவித்தவர், சட்டசபையில் பெண்களுக்காகவும் ஏழைகளின் உடல்நலத்துக்காகவும் வாதாடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. கடற்கரையில் அண்ணாவை அடக்கம் செய்தபோது கூடிய கூட்டம் கின்னஸ் நூலில் இடம்பெற்றது.

காஞ்சியில் அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. ஊரை அடுத்த காரப்பேட்டையில் அவர் பெயரால் அரசினர் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. சுற்றுப்புற நெசவு ஊர்களிலிருந்து, சென்னைக்குப் போக வசதியற்ற நோயாளிகள் பஸ் ஏறி அங்கேதான் போகிறார்கள். அவர்களிலே நமது பங்கினரும் உண்டு.