கம்ப்யூட்டருக்குக் குழாய் போட்ட க்ரே

கத்தரி வெயிலில் நம்ம வேலூர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லணுமா? ஃபேன் காற்றே அனலாக அடிக்கும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் ஒரு பிட்காயின் மெஷினை ஓடவிட்டால்? இந்த வேலைக்கென்றே செய்த மெஷின் ஒன்று 3000 வாட்டுக்கு மேல் இழுக்கிறது. இழுத்த கரண்ட் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். பக்கெட்டில் போடுகிற ஹீட்டர் மூன்றை ரூமில் எரியவிட்ட மாதிரி! அதனால்தான் பம்பு, குழாய், ரேடியேட்டர் வைத்துத் தண்ணீரால் ஆற்றுகிறார்கள். கம்ப்யூட்டரில் இந்தச் சூட்டோடு ஆயுள் முழுக்கப் போராடிய ஒருவரின் கதைதான் இது.

சீமோர் க்ரே 1925 செப்டம்பர் 28-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சிப்பிவா ஃபால்ஸ் என்ற ஊரில் பிறந்தார். நம்ம ஆம்பூரைவிடச் சின்ன ஊர். அப்பா சிவில் இன்ஜினியர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ ரேடியோ ஆபரேட்டராக இருந்துவிட்டு, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் படித்தார். 1951-ல் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தார்.

கண்ட்ரோல் டேட்டா கம்பெனியில் அவர் வடிவமைத்த 6600, 1964-ல் வெளிவந்தபோது உலகிலேயே வேகமான கம்ப்யூட்டர். வேகம் வேணும்னா கம்பியின் நீளம் குறையணும். நீளம் குறைய எல்லாவற்றையும் நெருக்கி அடைக்கணும். அடைத்தால் சூடு! காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இது புரியும். இந்தச் சூட்டை எடுக்க ஃப்ரியான் குழாய் போட்டவர் டீன் ரௌஷ். அவர் ஃபிரிட்ஜ் கம்பெனியிலிருந்து வந்தவர். கம்ப்யூட்டர் என்றாலே நமக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுங்குகிற மெக்கானிக்கல் தம்பிகள் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கவும்.

1972-ல் க்ரே சொந்தக் கம்பெனி தொடங்கினார். முதல் க்ரே-1 மெஷின் 1976-ல் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. ஆங்கில ‘சி’ எழுத்து வடிவம், சுற்றிலும் சோபா மாதிரி இருக்கை. அந்த இருக்கைக்குள்தான் பவர் சப்ளை! சர்க்யூட் பலகைக்குப் பின்னால் செப்புத் தகடு. தகட்டின் ஓரம் அலுமினியத் தூணில். தூணுக்குள் எஃகுக் குழாயில் ஃப்ரியான். தொடக்கத்தில் ஃப்ரியானோடு எண்ணெயும் கசிந்து பலகைகளில் படிந்தது. வெல்டிங் முறையை மாற்றிய பிறகுதான் சரியானது. 1985-ல் வந்த க்ரே-2-ல் ஒரேயடியாகப் பலகைகளை திரவத்துக்குள்ளேயே முக்கிவிட்டார். ஃப்ளோரினெர்ட் என்ற அந்தத் திரவத்தில் கரண்ட் பாயாது. அதன் சூட்டைக் குளிர்ந்த தண்ணீர் வாங்கிக்கொள்ளும். இன்று மைனிங் மெஷினை எண்ணெய்த் தொட்டியில் போடுகிறவர்கள் செய்வதும் இதே வேலைதான்.

அவர் கம்பெனியின் எக்ஸ்-எம்.பி. மெஷின் ஒன்று 1980-களின் கடைசியில் வானிலைக் கணிப்புக்காக டில்லிக்கு வந்தது. அதைவிடப் பெரியதைத் தர அமெரிக்கா மறுத்தது. புனேயில் 1988-ல் சி-டாக் பிறந்தது, 1991-ல் பரம் 8000 வந்தது. நம்மவர்களுக்கு வந்த ரோஷம் அது!

மனிதருக்கு ஒரு விசித்திரப் பழக்கம்: வேலையில் முட்டிக்கொண்டால் வீட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டுவாராம். க்ரே-3 மட்டும் கைகொடுக்கவில்லை. 1995-ல் புதுக் கம்பெனி திவால். 1996 செப்டம்பரில் கார் விபத்து. அக்டோபர் 5-ல் காலமானார்.

அதே 1996 ஆகஸ்டில்தான் நம்ம பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவு நீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், போன வருஷம் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டுக்கு நானும் குழாய் போட்டேன். சில்லறைக் காயின் ஏதாவது தேறும் என்ற ஆசை. எங்கள் வீட்டு போர் தண்ணீரையே ஊற்றினேன். வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். இரண்டே மாதத்தில் ஓட்டம் குறைந்து, கார்டு சூடேறி நின்றது. பிளாக்கைக் கழற்றிப் பார்த்தால் மயிரிழைச் சந்துகள் முழுக்க வெள்ளைப் படிவு, டீக்கடை பாய்லரில் இருப்பது மாதிரி. இப்போது பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான். வந்த காயின் ஈ.பி. பில்லுக்குக்கூடக் காணவில்லை. பிளாக்கைப் பார்க்க ஆசைப்படும் ஜூனியர்கள் ஒர்க்ஷாப்பில் கேட்டால் காட்டுகிறேன்.

- மூன்றாம் ஆண்டு மாணவன், மெக்கானிக்கல்