சுண்ணாம்புக்குள் உலோகம் கண்ட டேவி

சுண்ணாம்பை வெற்றிலையில் தடவுகிறோம். சுவருக்கு அடிக்கிறோம். அந்த வெள்ளைப் பொருளுக்குள் வெள்ளி போல மின்னும் ஓர் உலோகம் ஒளிந்திருக்கிறது! அதன் பெயர் கால்சியம். அதை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஹம்ப்ரி டேவி.

சுரங்க விளக்கு செய்த டேவியைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். மண்ணைச் சோதித்த டேவியைப் பலருக்குத் தெரியாது. பெருங்குடியில் மாடித் தொட்டியில் தக்காளி வளர்ப்பவருக்கும், விழுப்புரத்தில் நிலக்கடலை போடுபவருக்கும் வேண்டியவர் அந்த டேவிதான்.

தந்தை வைத்த கடன்

1778-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி டேவி பிறந்தார். ஊர், இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் உள்ள பென்சான்ஸ். தந்தை மரத்தில் சிற்ப வேலை செய்பவர். 5 குழந்தைகளில் டேவியே மூத்தவர்.

1794-ல் தந்தை இறந்தார். மிஞ்சியது கடன்தான். தாயார் பெண்களுக்கான தொப்பிக் கடை வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். மறு ஆண்டு டேவி ஒரு வைத்தியரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அங்கே இருந்த புட்டிகளும் பொடிகளும் அவரை ரசாயனத்தின் பக்கம் இழுத்தன. புத்தகத்தைப் படித்துத் தாமே கற்றார்.

அவருக்குப் பயமே கிடையாது. பிரிஸ்டல் நகரில் வேலை பார்த்தபோது, வாயுக்களைத் தாமே முகர்ந்து சோதித்தார். ஒன்று சிரிப்பு மூட்டியது. இன்னொன்று உயிரையே கொண்டுபோகப் பார்த்தது! சிரிப்பு வாயு வலியை மறக்கச் செய்யும், ரண சிகிச்சைக்கு உதவும் என்று 1800-ல் எழுதினார். 40 ஆண்டுகளுக்கு மேல் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

1801-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேலை கிடைத்தது. அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் கூடியது. குதிரை வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டன.

மின்சாரம் செய்த வேலை

1807-ல் மின்சாரத்தைப் பாய்ச்சிப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தார். சந்தோஷத்தில் அறைக்குள் துள்ளிக் குதித்தாராம். பிறகு கடும் நோயில் விழுந்து பிழைத்து எழுந்தார்.

சுண்ணாம்பு எளிதில் வசப்படவில்லை. பாதரசம் சேர்த்தால் காரியம் ஆகும் என்று சுவீடனிலிருந்து பெர்சீலியஸ் என்ற விஞ்ஞானி தகவல் அனுப்பினார். டேவி அப்படியே செய்தார். பாதரசத்தோடு ஒட்டிக்கொண்டு புதிய உலோகம் வெளியே வந்தது. காய்ச்சிப் பாதரசத்தை ஓட்டினார். மிஞ்சியது கால்சியம். ஆண்டு 1808.

அழகான மண், விளையாத மண்

அதே காலத்தில் விவசாயச் சபைக்காக ஆண்டுதோறும் பேசிவந்தார். அந்தப் பேச்சுகள் 1813-ல் விவசாய ரசாயன நூலாக வெளிவந்தன.

ஒரு நாள் ஜோசப் பாங்க்ஸ் என்ற பெரிய மனிதர் லிங்கன்ஷயர் பகுதி மண்ணைக் கொடுத்தார். பார்வைக்கு நல்ல மண். ஆனால் ஒன்றும் விளையவில்லை. டேவி சோதித்தார். மண்ணில் அன்னபேதி இருந்தது! புளிப்பேறிய மண். மேலே சுண்ணாம்பைத் தூவுங்கள் என்றார். சுண்ணாம்பு அன்னபேதியோடு சேர்ந்தால் ஜிப்சம் உண்டாகும். பயிரைக் கெடுத்த பொருளே எருவாகும்.

ஜிப்சத்திலும் ஒரு புதிர் இருந்தது. அமெரிக்காவில் அதைப் போட்டால் தீவனப் பயிர்கள் செழித்தன. இங்கிலாந்தில் பல இடங்களில் பலிக்கவில்லை. வாங்கிப் போட்டவர்களுக்குப் பணம் நஷ்டம். பலிக்காத நிலத்து மண்ணை டேவி சோதித்தார். அதில் ஏற்கனவே ஜிப்சம் இருந்தது! இருக்கிற மண்ணில் மேலும் கொட்டி என்ன பயன்?

இன்று விஷயம் இன்னும் தெளிவாகியிருக்கிறது. சுண்ணாம்பு, கால்சியத்தைக் கொடுக்கும். மண்ணின் புளிப்பையும் போக்கிவிடும். புளிப்பு சரியாக உள்ள மண்ணில் அதைப் போட்டால், இரும்புச் சத்து பயிருக்கு எட்டாமல் போகும், இலை வெளுக்கும். ஜிப்சம் அப்படியல்ல. கால்சியமும் கந்தகமும் கொடுக்கும். சாதாரண மண்ணின் புளிப்பை அநேகமாக மாற்றாது. களர் நிலத்தில் மட்டும் கதை வேறு. அங்கே சோடியத்தை விரட்டி, காரத்தைக் குறைக்கும்.

நிலக்கடலைக் காய் மண்ணுக்குள் இருந்தபடி தானே கால்சியத்தை உறிஞ்சும். அதனால்தான் இறவைக் கடலைக்கு 40 முதல் 45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள். தக்காளியின் அடிப்பாகம் கறுப்பதும் கால்சியக் குறைவுதான். ஆனால் பல வீடுகளில் குற்றம் மண்ணில் இல்லை. ஒரு நாள் தண்ணீர், இரண்டு நாள் காய்ச்சல் என்று விட்டால், மண்ணில் உள்ள கால்சியம் காய்க்குப் போய்ச் சேராது. மூட்டை வாங்குமுன் மண்ணைச் சோதிப்பதே டேவி காட்டிய வழி.

கடைசி நாட்கள்

1812-ல் சர் பட்டம் வந்தது. அதே ஆண்டு பெல்லிங் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 92 பேர் மாண்டனர். 1815-ல் டேவி கம்பி வலை சுற்றிய விளக்கைச் செய்தார். அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் பெரும் பணம் சேர்த்திருக்கலாம்.

1813-ல் தம்மிடம் உதவியாளராகச் சேர்ந்த மைக்கேல் பாரடே பெரும் புகழ் அடைந்தபோது, டேவி பொறாமைப்பட்டார் என்றும் சொல்வார்கள். அவரும் மனிதர்தானே!

1826-ல் பக்கவாதம் தாக்கியது. உடல் தேற ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போனார். 1829-ம் ஆண்டு மே 29-ந் தேதி ஜெனீவா நகரில் இறந்தார். வயது 50. அந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள்.