மளிகைக்கடைக்காரர் மகன்

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். போன செமஸ்டரில் இரண்டு அரியர் விழுந்ததும், கிண்டி எஸ்டேட்டில் வேலைக்குப் போயிடலாமா என்று நினைத்தேன். அப்போதுதான் மேகநாத் சாஹாவைப் பற்றிப் படித்தேன்.

1893-ல் டாக்கா அருகே கிராமத்தில் பிறந்தார். அப்பாவுக்குச் சின்ன மளிகைக்கடை. பக்கத்து ஊர் டாக்டர் ஒருவர் சோறும் இடமும் தந்ததால்தான் படிப்பு தொடர்ந்தது. 1905 வங்கப் பிரிவினைக் கொந்தளிப்பில், கவர்னர் வருகையை எதிர்த்ததால் ஸ்காலர்ஷிப் போச்சு. ஆனாலும் படிப்பை விடவில்லை!

எவ்வளவு வெப்பத்தில், அழுத்தத்தில் அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும் என்று 1920-ல் சமன்பாடு தந்தார். அப்படி எலக்ட்ரான் பிரிந்த வாயுதான் பிளாஸ்மா. எரியும் டியூப்லைட்டுக்குள் இருப்பதும் அதுவே. கல்கத்தாவில் துகள்களை முடுக்கும் சைக்ளோட்ரான் அமைக்கவும் பாடுபட்டார். 1956-ல் டெல்லியில் மறைந்தார்.

இன்று லேசரால் பிளாஸ்மாவில் அலை எழுப்பி, எலக்ட்ரான்களை முடுக்குகிறார்கள். முதலில் அவை கலவையான வேகத்தில் சிதறின. பிளாஸ்மாவின் அடர்த்தியும் லேசரும் பொருந்தியபோது, 2004-ல் ஏறக்குறைய ஒரே ஆற்றலோடு கற்றையாக வந்தன. சாஹா பார்க்காத அதிசயம்!

நான் அரியர் ஃபீஸ் கட்டிவிட்டேன். நீங்க?