டானியலின் கிணறுகள்

யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில், ஒடுக்கப்பட்ட சாதியொன்றின் வறிய குடும்பத்தில் பிறந்தவர் கே. டானியல். பள்ளிக் கல்வி நீளவில்லை. இளமையிலேயே உடலுழைப்புக்கும், அங்கிருந்து பொதுவுடைமை இயக்கத்துக்கும் வந்து சேர்ந்தார். இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி பிளவுற்றபோது சண்முகதாசன் தலைமையிலான சீனச் சார்பு அணியில் நின்றார்.

பெரும் ஏரியொன்றின் கரையில் தென்னேரியில் வாழும் நமக்கு, வற்றாத ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தைக் கற்பனை செய்வது சற்றுக் கடினம். அங்கே குடிநீர் என்றால் கிணறு. கிணறு என்றால் வேளாளரின் காணி. பஞ்சமர் எனப்பட்ட வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் ஆகியோர் அந்தக் கிணறுகளில் தாமாக நீர் மொள்ள இயலாது. குடத்துடன் காத்து நிற்க வேண்டும். உரிமையுள்ள எவரேனும் அள்ளி ஊற்ற வேண்டும். தேநீர்க் கடையில் தனிக் குவளை, கோயிலில் வெளிவீதி. 1957-லேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. வழக்காடும் நமக்குத் தெரியும்: சட்டம் அரசிதழில் ஏறுவது எளிது, துலாக்கயிறு வரை போய்ச் சேருவது அரிது.

1966 அக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தைக் காவல்துறை தாக்கியது. அதன்பின் எழுந்த தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் முன்னணி அமைப்பாளர்களுள் டானியலும் ஒருவர். 1968-இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாயிலில் சாதி இந்துக்கள் மறித்து நின்றனர். அவர்களின் முன்னே நின்றவர் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் சுந்தரலிங்கம்.

இந்தப் போராட்டக் களத்திலிருந்தே 1972-இல் 'பஞ்சமர்' வந்தது. தமிழ்த் தேசியம் பேசியோர் அதில் இனத்தைப் பிளக்கும் முயற்சியைக் கண்டனர். அழகியல் பேசியோர் வடிவக் குறைகளை எண்ணினர். அந்த எண்ணிக்கையில் உண்மையும் உண்டு, டானியல் சில இடங்களில் கதையை நிறுத்திவிட்டுப் பேசத்தான் செய்கிறார். ஆயினும் நம் கவலை மூன்றாவது வாசிப்பைப் பற்றியது. இடதுசாரி வாசகர் பலர் இந்நாவல்களை நிலவுடைமைக்கும் கூலிக்குமான மோதலாகச் சுருக்கினர். காஞ்சி வட்டாரத்தில் தறிக்கூலி பெறுபவரும் வயற்கூலி பெறுபவரும் ஒரே அளவு கடனில் மூழ்கியிருக்கலாம். அதனால் ஊரும் சேரியும் ஒன்றாகிவிடுவதில்லை. டானியல் மார்க்சியராகவே இறந்தவர். ஆனால் அவருடைய கதைகளில் நிலமற்ற ஏழையும் தன்னைவிடத் தாழ்ந்தவரென ஒருவரைச் சுட்ட முடிகிறது. கட்சி அறிக்கைகள் தயங்கிய இடத்தில் அவருடைய புனைவு தயங்கவில்லை.

'கானல்' இன்னும் துணிவானது. சாதியிலிருந்து தப்பக் கிறித்தவத்துக்குச் சென்றவர்களைத் தேவாலயத்துக்குள்ளும் சாதி பின்தொடர்வதை அது சொல்கிறது. இன விடுதலை கிடைக்கட்டும், சாதியைப் பிறகு பார்ப்போம் என்ற குரல் ஓங்கிய எண்பதுகளிலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

உடல்நலம் குன்றித் தமிழகம் வந்தவர் 1986 மார்ச்சில் தஞ்சாவூரில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். தலித் இலக்கியம் என்ற பெயர் தமிழில் பரவலானது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான்.