வயநாட்டுக் காடு வளர்த்த வீரம்: கேரள வர்ம பழசி ராஜாவின் வாழ்க்கை

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் மிளகின் மணத்தை அறியாத தமிழ்க் குடும்பம் நம்மிடையே இராது. அந்த மிளகை நாடியே போர்த்துக்கீசியரும், டச்சுக்காரரும், ஆங்கிலேயரும் கடல் கடந்து இக்கரைக்கு வந்தனர். 1795ஆம் ஆண்டில் கொச்சிக் கோட்டை டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. அதே காலத்தில், வடக்கே மிளகு விளையும் மலைச்சாரலில், ஒரு சிற்றரசர் அந்த ஆங்கிலக் கம்பெனியை எதிர்த்து நின்றார். அவரே கேரள வர்ம பழசி ராஜா.

வட மலபாரில் கோட்டயம் என்றொரு சிறு நாடு இருந்தது. தெற்கேயுள்ள கோட்டயம் நகர் வேறு, இது வேறு. அவ்வரச குடும்பத்தில் 1753ஆம் ஆண்டில் கேரள வர்மர் தோன்றினார். 1774இல் ஹைதர் அலியின் படை மலபாரில் புகுந்தபோது மூத்த அரசர் திருவிதாங்கூரில் தஞ்சம் புகுந்தார். இளைஞரான கேரள வர்மரோ குடிகளை விட்டு அகலவில்லை. காட்டிலிருந்து போர் செய்யும் கலையை அவர் கற்றது அந்நாளில்தான். அவருடைய செல்வாக்கின் வித்தும் அதுவே.

1792இல் திப்பு சுல்தானுடன் செய்த உடன்படிக்கையால் மலபார் கம்பெனியின் வசமாயிற்று. கம்பெனியாரோ, தம் பக்கம் நின்று மைசூரை எதிர்த்த கேரள வர்மரை ஒதுக்கிவிட்டு, கோட்டயத்தில் வரி தண்டும் உரிமையைக் குறும்பிரநாட்டு அரசருக்கு அளித்தனர். குடிகள் தாங்கொணாத வரியைக் கண்ட பழசி ராஜா 1793இல் அவ்வரி வசூலைத் தடுத்து நிறுத்தினார். ஆட்சி யாருடையது என்ற வழக்கோடு, உழுதவன் விளைச்சலில் அவனுக்கு எஞ்சுவது எவ்வளவு என்ற கேள்வியும் அப்போருக்கு அடிப்படையாக இருந்தது.

1796 ஏப்ரலில் கம்பெனிப் படை பழசி அரண்மனையைத் தாக்கிக் கொள்ளையிட்டது. ராஜா அதற்கு முன்பே மலையேறிவிட்டார். 1797 மார்ச்சில் பெரியா கணவாயில் இறங்கி வந்த மேஜர் காமரனின் படையை அவருடைய வீரர்கள் மறைந்திருந்து தாக்கினர். காமரன் மாண்டார், அவருடன் பல அதிகாரிகளும் வீழ்ந்தனர். பீரங்கி பூண்ட பேரரசு ஒரு மலைநாட்டுத் தலைவருடன் அவ்வாண்டிலேயே சமாதானம் செய்துகொள்ள நேர்ந்தது. ராஜாவுக்கு ஆண்டுக்கு 8,000 ரூபாய் மானியமும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஆனால் 1799இல் திப்பு வீழ்ந்தபின் வயநாட்டையும் தனதென்றது கம்பெனி. மீண்டும் போர் மூண்டது. பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்று புகழெய்திய ஆர்தர் வெல்லெஸ்லியே அப்போது இப்பகுதிக்குப் படைத்தலைவர். காட்டினூடே சாலை வெட்டுவதும், இடையிடையே காவற்படை வைப்பதும், அரிசியும் உப்பும் காட்டுக்குள் செல்லாமல் தடுப்பதும் அவர் வகுத்த வழி. 1801இல் வயநாடு படைகளால் நிறைந்தது. ராஜா காடு காடாகத் திரிந்தார்.

அந்த 1801ஐத் தமிழர் மறக்கலாகுமா? காளையார்கோவில் காட்டை வெட்டிப் பாதை அமைத்து மருது சகோதரரை ஆங்கிலேயர் வளைத்ததும் அவ்வாண்டில்தான். இரு காடுகள், இரு மொழிகள், ஒரே பகைவன்!

எனினும் வயநாடு அடங்கவில்லை. 1802 அக்டோபர் 11இல் எடச்சேன குங்கனும், குறிச்சியர் தலைவன் தலக்கல் சந்துவும் வில்லும் அம்பும் ஏந்திய வீரருடன் பனமரம் கோட்டையைக் கைப்பற்றினர். 112 துப்பாக்கிகள் அவர்கள் வசமாயின. நாயரும் குறிச்சியரும் குறும்பரும் ஓரணியில் நின்ற அந்நாள் கேரள வரலாற்றில் பொன்னாள். அடுத்த ஆண்டில் கம்பெனி வரியை உயர்த்தவே, சமவெளிக் குடிகளும் கிளர்ந்தெழுந்தனர்.

கம்பெனி அப்போதுதான் ஓர் உண்மையை உணர்ந்தது. மக்களைப் பிரிக்காமல் மன்னரை வெல்ல முடியாது! உயர்த்திய வரி கைவிடப்பட்டது. மண்ணின் மைந்தரையே சேர்த்துக் கோல்காரர் படை அமைக்கப்பட்டது. ராஜாவின் தலைக்கு விலை கூறப்பட்டது. தலைச்சேரித் துணைக் கலெக்டர் பேபர் ஊர் ஊராகச் சென்று, காட்டுக்குச் சென்ற உணவையும் செய்தியையும் தடுத்தார். 1805 நவம்பரில் தலக்கல் சந்து பிடிபட்டு உயிர் நீத்தான்.

அம்மாதம் 30ஆம் நாள், புல்பள்ளிக்கு அருகே மாவிலத்தோட்டின் கரையில், உளவறிந்து வந்த பேபரின் படை ராஜாவைச் சூழ்ந்தது. அன்று அவர் உயிர் துறந்தார். குண்டு பட்டு வீழ்ந்தார் என்பர் சிலர். பகைவர் கைப்படாமல் தாமே உயிர் நீத்தார் என்பர் வேறு சிலர். பகைவரான பேபரும் அவ்வுடலைத் தம் பல்லக்கிலேயே ஏற்றி மானந்தவாடிக்கு அனுப்பி, முறைப்படி ஈமக்கடன் நிகழச் செய்தார். மக்கள் அம்மன்னர்பால் வைத்திருந்த பக்தியை அவர் தம் அறிக்கையிலும் மறைக்கவில்லை.

போர் தோற்றது, ஆனால் அது மூட்டிய கனல் அவியவில்லை. 1812இல் வரிக்கொடுமையை எதிர்த்துக் குறிச்சியரும் குறும்பரும் தாமே வில்லேந்தி எழுந்தனர். படைபலம் மிக்க ஆட்சியையும் குடிகளின் ஒற்றுமை பல்லாண்டு தடுத்து நிறுத்தும் என்பதே வயநாடு இந்நாட்டுக்கு வழங்கிய பாடம்.

நம் குழந்தைகள் கட்டபொம்மனையும் மருதிருவரையும் அறிவர். தாங்கள் பிறந்து வளரும் இம்மண்ணின் வீரரையும் அறிதல் வேண்டும். விடுமுறையில் வயநாடு செல்வோர் மானந்தவாடியில் அவர் துயிலும் இடத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்க. உண்ணும் சோறு எந்த மண்ணில் விளைகிறதோ, அந்த மண்ணைக் காத்தவரை வணங்குவது தமிழர் மரபன்றோ!