வியர்வையில் ஏன் இவ்வளவு உப்பு? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸை அடையாளம் காட்டிய டாக்டர் டோரத்தி ஆண்டர்சன் கதை

குழந்தை நல்லாத்தான் சாப்பிடும். ஆனா உடம்பு தேறாது. மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு போகும், இருமல் விடாது, கடைசியில் நிமோனியா வந்து உயிரே போய்விடும். 1930-களில் அமெரிக்காவில் இப்படி இறந்த பல குழந்தைகளுக்கு 'சீலியாக்' என்ற குடல் நோய் என்றே எழுதி வைத்தார்கள். அது தப்பு என்பதைப் பிரேதப் பரிசோதனை மேசையில் கண்டுபிடித்தவர்தான் டோரத்தி ஆண்டர்சன்.

யார் இவர்?

1901-ல் வட கரோலினாவின் ஆஷ்வில்லில் பிறந்தவர். ஒரே பிள்ளை. 20 வயதைத் தாண்டுவதற்குள் அப்பா, அம்மா இருவரையும் இழந்துவிட்டார். தனியாக நின்று படித்து, 1926-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அறுவை சிகிச்சை நிபுணர் ஆகணும் என்பதுதான் ஆசை. ஆனால் பெண் என்பதால் மேற்பயிற்சிக்கு இடம் கொடுக்கவில்லை. நியூயார்க் போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நோயியல் துறையில் சேர்ந்தார். உயிரோடு இருப்பவர்களுக்கு ஆபரேஷன் செய்ய விடாததால், இறந்த குழந்தைகளின் உறுப்புகளை ஆராயும் வேலைக்கு வந்து சேர்ந்தார் என்றே சொல்லலாம்.

கணையத்தில் என்ன பார்த்தார்?

1935 வாக்கில், சீலியாக் என்று முடிவு கட்டப்பட்ட ஒரு குழந்தையின் உடலைப் பரிசோதித்தார். குடலை விட கணையம்தான் மோசமாக இருந்தது. முழுக்க தழும்பும் நீர்க்கட்டிகளும். இது வேற நோய் ஆச்சே என்று சந்தேகம் வந்தது. பழைய கோப்புகளைத் தோண்டினார். 1938-ல் 49 குழந்தைகளின் விவரங்களோடு கட்டுரை வெளியிட்டு, நோய்க்கும் பெயர் வைத்தார். பெற்றோர் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும் என்பதை 1946-ல் எடுத்துக்காட்டினார்.

வெயில் கொடுத்த துப்பு

1948 கோடையில் நியூயார்க்கில் கடும் வெப்ப அலை. வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்து வந்த குழந்தைகளில் பலருக்கு இதே நோய் இருந்ததை ஆண்டர்சனின் சக மருத்துவர் பால் டி சான்ட் ஆக்னீஸ் கவனித்தார். அவர்களின் வியர்வையில் உப்பு மிக அதிகம் என்பது 1953-ல் உறுதியானது.

அதுக்கும் சளிக்கும் என்ன சம்பந்தம்?

நம் செல்களின் மேல்சவ்வில் சிஎஃப்டிஆர் என்ற புரதம் ஒரு வாசல் மாதிரி இருக்கிறது. குளோரைடு போய்வரும் வாசல் அது. நுரையீரலில் இந்த வழியாக குளோரைடு வெளியே வரும். பின்னாலேயே தண்ணீரும் வந்து சளியை இளக்கும். வாசல் அடைத்தால் சளி பசை போல இறுகிவிடும், கிருமி அங்கேயே குடியேறும். கணையத்தின் குழாய்களும் இப்படித்தான் அடைபடுகின்றன. செரிமான நொதிகள் குடலுக்கு வராததால், சாப்பிட்ட கொழுப்பு அப்படியே வெளியே போகிறது.

வியர்வைச் சுரப்பியில் கதை தலைகீழ். அங்கே இதே வாசல் உப்பை உடம்புக்குள் திரும்ப இழுக்கிறது. அது வேலை செய்யாவிட்டால் உப்பு வியர்வையோடு போய்விடும். அதனால்தான் அந்தக் குழந்தைகள் வெயிலில் சரிந்தார்கள்.

பலரிடம் கோளாறு ரொம்பச் சின்னது. 1,480 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் 508-வது மட்டும் இருக்காது. ஆனால் அதனால் புரதம் சரியாக மடங்காது. செல்லே அதைக் கழிவு என்று சிதைத்துவிடும். பெரும்பாலும் சவ்வு வரைக்கும் வந்து சேராது.

இதெல்லாம் ஆண்டர்சனுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. மலையேற்றம், படகு, தச்சு வேலை என்று வாழ்ந்தவர். நிறைய சிகரெட் பிடிப்பார். 1963-ல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். மரபணு கண்டுபிடிக்கப்பட்டது 1989-ல். மடங்காத புரதத்தைச் சரியாக மடக்கி சவ்வுக்கு அனுப்பும் மூன்று மருந்துக் கூட்டு மாத்திரைக்கு அமெரிக்காவில் 2019-ல்தான் அனுமதி கிடைத்தது. நோயை உறுதி செய்ய இன்றைக்கும் முதலில் பார்ப்பது அதே வியர்வை உப்பைத்தான்.