கடற்பாசிக் கோடுகளைத் தொடர்ந்தவர்

வேதியியல் மாணவர்கள் இர்விங் லாங்மியூரை எளிதில் மறக்க முடியாது. திடப்பொருளின் பரப்பில் வாயு ஒட்டிக்கொள்வதைக் கணக்கிடும் அவருடைய சமன்பாட்டைத் தேர்வுக்கு முதல்நாள் இரவு மனனம் செய்தவர்களுள் நானும் ஒருவன். அதே மனிதர் கடலையும் ஆராய்ந்தார் என்பதைப் பட்டம் பெற்ற பின்னரே அறிந்தேன்.

1881-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். ஜெர்மனியில் முனைவர் பட்டம் பெற்று, 1909 முதல் 1950 வரை ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். மின்விளக்கினுள் வாயுவை நிரப்பி அதன் திறனைக் கூட்டியவர் அவரே. 1932-இல் நோபல் பரிசு பெற்றார். இவை கலைக்களஞ்சியத்திலேயே உள்ளன. நான் சொல்ல வந்தது வேறு.

1927 ஆகஸ்டில் அவர் கப்பலில் இங்கிலாந்து சென்றுகொண்டிருந்தார். நியூயார்க்கிலிருந்து ஏறத்தாழ 600 மைல் தொலைவில், மிதக்கும் கடற்பாசி சிதறிக் கிடக்காமல், காற்று வீசும் திசையில் நீண்ட வரிசைகளாக நிற்பதைக் கண்டார். காற்று திசைமாறியதும் 20 நிமிடங்களில் வரிசைகளும் திரும்பிவிட்டன. கடலோடிகளுக்கு இது பழகிய காட்சியாகத்தான் இருந்திருக்கும். லாங்மியூரோ விடவில்லை. நியூயார்க் மாநிலத்தின் ஜார்ஜ் ஏரியில் சாயம் கரைத்து, நீர் போகும் வழியைப் பொறுமையாகத் தொடர்ந்தார். 1938-இல் முடிவை வெளியிட்டார். காற்று வீசும்போது மேல்நீர் அருகருகே எதிரெதிராகச் சுழலும் நீண்ட உருளைகளாகிறது. இரண்டு உருளைகள் சேர்ந்து கீழிறங்கும் இடத்தில் பாசி திரள்கிறது.

வெயிலின் சூடு பெரும்பாலும் மேல்நீரிலேயே தங்குகிறது. இந்த உருளைகள் அதைக் கீழே இழுத்துச் சென்று, அடியிலுள்ள குளிர்நீரோடு கலக்கின்றன. மேற்பரப்பின் வெப்பநிலை அதனால் தணிகிறது. ஏரியின் மேலடுக்கு ஒரே சூட்டில் இருப்பதற்கு இந்தக் கலப்பே காரணம் என்று அவர் கருதினார்.

பிற்காலத்தில் மேகங்களில் இரசாயனம் தூவி மழையை மாற்றலாம் என்று அவர் முழங்கியதைப் பல வானிலை அறிஞர்கள் ஏற்கவில்லை. அறிவியலாளர் தம்மையே ஏமாற்றிக்கொள்வது எப்படி என்று 1953-இல் உரையாற்றியவரும் அவர்தான்! ஆனால் ஏரியில் அவர் கண்டது நிலைத்தது.

உருளைகளுக்குக் காற்றே காரணம் என்று எண்ணிய அவர், 1957-இல் உட்ஸ் ஹோல் என்னும் கடற்கரை ஊரில் காலமானார். அலையின் பங்கு 1976-இல்தான் தெளிவாயிற்று. அலை கடந்தபின் நீர் பழைய இடத்துக்கே முழுவதும் திரும்புவதில்லை என்பது முன்பே தெரிந்ததுதான். அது சற்றே முன்னகர்கிறது, மேலே அதிகமாக, ஆழத்தில் குறைவாக. அந்த நகர்வு காற்று எழுப்பும் ஓட்டத்தைத் திருகி உருளையாக்குகிறது என்று கிரைக், லைபோவிச் ஆகியோர் கணித்துக் காட்டினர்.

தென்முனைக் கடலில் இந்தக் கலப்பு எவ்வளவு ஆழம் போகிறது என்பதைப் பருவநிலைக் கணினி மாதிரிகள் நெடுங்காலம் குறைத்தே மதிப்பிட்டன. அலைகளின் வேலையையும் கணக்கில் சேர்த்தபோது அந்தப் பிழை குறைந்தது. இன்றைய கடலியலார் இதனை லாங்மியூர் சுழற்சி என்கின்றனர்.